சீட்டு ஒன்றுதான், பஸ் எதற்கு?

2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போய்க்கொண்டிருந்த முஸ்லிம் மக்களின் பஸ்கள் அனுராதபுரம் மாவட்டத்தின் தந்திரிமலையில் வழிமறிக்கப்பட்டன. வீதியில் ரயர்கள் எரிந்தன. கற்கள் பறந்தன, துப்பாக்கியும் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் வரிசையாகப் போன அணி அது. இரண்டு பஸ்களில் சூடு பட்டது. நல்லவேளை, ஓர் உயிரும் போகவில்லை.

அன்று காலையிலேயே அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. சுட்டவர் யார், சுடச் சொன்னவர் யார் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு வேறு கேள்வி வந்தது: பஸ்ஸுக்குக் காசு கொடுத்தவர் யார்? 222 பஸ்களுக்கு அரச நிதியிலிருந்து 95 இலட்சம் ரூபா செலுத்தப்பட்டதாகக் குற்றஞ்சாட்டி, தேர்தலின்போது அமைச்சராக இருந்த றிஷாட் பதியுதீனை 2020 ஒக்டோபரில் கைது செய்தார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்கு இருப்பது இவை இரண்டுக்கும் முந்திய கேள்வி. இந்த மக்கள் எதற்காகப் பஸ் ஏறினார்கள்?

அன்று நடந்தது ஜனாதிபதித் தேர்தல். அதற்கு நாடு முழுவதும் ஒரே தொகுதி. முப்பத்தைந்து வேட்பாளர்கள், 26 அங்குல நீளச் சீட்டு. மன்னாரின் சிலாவத்துறையில் கொடுத்த சீட்டும் புத்தளத்தின் பாலாவியில் கொடுத்த சீட்டும் ஒன்றேதான். பெயர் ஒன்று, சின்னம் ஒன்று, எண்ணிக் கூட்டும் கணக்கும் ஒன்று. தில்லையடியில் ஒரு தாய் போடும் புள்ளடிக்கும் மரிச்சுக்கட்டியில் அவர் போடும் புள்ளடிக்கும் முடிவில் ஓர் அணுவளவும் வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் பள்ளிக்கூடத்தில் அதே சீட்டு கட்டுக்கட்டாக இருக்க, அதைத் தொடுவதற்கு இன்னொரு மாகாணத்துக்குப் பல மணி நேரம் பயணம் போனார்கள். சீட்டு இங்கே இருந்தது. பெயர் அங்கே இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

இந்தக் கட்டுரை கேட்பதும் அவ்வளவுதான்: தேர்தல் நாளன்று, ஆள் நிற்கும் இடத்திலேயே பெயரைப் பதிந்து வாக்களிக்க ஒரு வழி வேண்டும். அதை ஜனாதிபதித் தேர்தலில் தொடங்க வேண்டும்.

இடாப்பு ஓரிடம், ஆள் ஓரிடம்

இந்தப் புத்தளம் கரையில் ஆளும் பெயரும் பிரிந்த கதை 1990 ஒக்டோபரில் தொடங்குகிறது. விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அந்த மாதம் 30ஆம் திகதி கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ எழுபதினாயிரம் பேரில் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு பகுதிகளில் தங்கினார்கள். இங்குள்ளவர்கள் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டார்கள். சட்டியில் இருந்ததைப் பங்கிட்டார்கள். சில வாரங்கள் என்று நினைத்துப் போட்ட கிடுகுக் கொட்டில்கள் பதினைந்து, இருபது ஆண்டுகள் நின்றன. 2007இல் உலக வங்கியின் உதவியோடு வீட்டுத் திட்டம் வந்து, கிடுகு இருந்த இடத்தில் கல்வீடு எழுந்தது.

போர்க்காலத் தேர்தல்களில் அரசு இவர்களுக்காகப் புத்தளத்திலேயே தனி வாக்களிப்பு நிலையங்களை அமைத்தது. வன்னி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டங்களின் சீட்டு இங்கே வந்தது. அதாவது, சீட்டை ஆளிடம் கொண்டுவருவது இந்த அரசுக்குத் தெரியாத வித்தை அல்ல. செய்து பார்த்த வேலைதான்.

2009இல் போர் முடிந்ததும் எல்லோரும் ஊர் திரும்பிவிடுவார்கள் என்று காகிதத்தில் எழுதினார்கள். வாழ்க்கை அப்படி ஒரே கோட்டில் போகவில்லை. மன்னாரின் முசலியில் காடேறிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கப் போன தகப்பன் அங்கே. ஆலங்குடாவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு தாய் இங்கே. பருவத்துக்குப் பருவம் வீடு மாறும் குடும்பங்கள் எத்தனையோ. இடம்பெயர்ந்தவர்கள் தாம் விட்டுவந்த மாவட்டத்திலேயே பெயரைப் பதிந்துகொள்ள 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அது காலக்கெடு வைத்த சட்டம். அதோடு, பெயரை எங்கே வைக்கலாம் என்றுதான் அது சொன்னது. வாக்கை எங்கே போடலாம் என்ற கேள்வி அப்படியே கிடந்தது. அந்தக் கேள்விக்குத்தான் 2019இல் பஸ் பதில் சொன்னது.

கடலோடு போகிறவர்கள்

இது வடக்கு முஸ்லிம்களின் பிரச்சினை மட்டும் என்று நினைத்தால் இந்தக் கரையை நாம் பார்க்கவில்லை என்று அர்த்தம். சிலாபத்திலிருந்து கற்பிட்டி முனை வரை வாழ்க்கையே காற்றின் கணக்கில்தான் ஓடுகிறது. தென்மேல் பருவக்காற்று எழுந்து மேற்குக் கடல் கொந்தளிக்கையில் உடப்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குப் போய் வாடி அடிப்பார்கள். காற்று திரும்பி இந்தப் பக்கம் கடல் அடங்கியதும், நீர்கொழும்பு, வென்னப்புவைப் பக்கத்தவர்கள் கற்பிட்டிக்கும் அதற்கு அப்பால் உள்ள பத்தலங்குண்டு போன்ற தீவுகளுக்கும் வந்து வாடி போடுவார்கள். மாதக்கணக்கில் கிடுகுக் கூரையின் கீழ் படுக்கை, சமையல், வலை பின்னல் எல்லாம். சிங்களக் கத்தோலிக்கர், தமிழ் இந்துக்கள், முஸ்லிம்கள் என்று எல்லோரும் இதில் உண்டு.

2024ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செப்டெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல். நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல். இடையே 54 நாட்கள். முதல் தேர்தல் ஒரு காற்றில், இரண்டாவது இன்னொரு காற்றில். செப்டெம்பரில் கிழக்குக் கரை வாடியில் இருக்கிறவருக்கு ஒன்று தொலைவு என்றால், நவம்பரில் கற்பிட்டி வாடியில் இருக்கிறவருக்கு மற்றது தொலைவு. தேர்தல் நாள் குறிக்கும்போது காற்றைப் பார்க்கச் சொல்லி எவரும் கேட்க முடியாது. ஆனால் காற்றோடு பிழைக்கிறவர் வாக்கை இழக்காமல் இருக்க வழி கேட்கலாம்.

தபால் மூல வாக்கு இல்லையா என்பீர்கள். இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அரச ஊழியருக்கும் தேர்தல் கடமையில் இருப்போருக்கும்தான். 2024 ஜனாதிபதித் தேர்தலில் 7 இலட்சத்து 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அதற்குத் தகுதி பெற்றார்கள். வாடியில் இருக்கிறவர் அதில் இல்லை. கட்டுநாயக்காவில் தையல் வேலை செய்யும் பிள்ளையும் இல்லை. வீட்டுப் பணிக்காகக் குவைத்துக்கும் சவூதிக்கும் போய்விட்டு, தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு ஊருக்கு வந்திறங்கும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். அவர் போனபோது பெயரை வெட்டினார்கள். வந்தபோது சேர்க்கும் காலம் முடிந்துவிட்டது.

பெயர் ஏறும் வழி

நம் நாட்டில் தேருநர் இடாப்பு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அடிப்படை, 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர்களைப் பதிவுசெய்தல் சட்டம். ஜூன் 1ஆம் திகதியன்று நீங்கள் எங்கே வசித்தீர்கள் என்பதே அது கேட்ட கேள்வி. கிராம உத்தியோகத்தர் வீட்டுக்கு வீடு பி.சி. படிவம் கொடுப்பார். வீட்டுத் தலைவர் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு பட்டியலைப் பார்வைக்கு வைப்பார்கள். சேர்க்கச் சொல்லியோ நீக்கச் சொல்லியோ மனுக் கொடுக்கலாம். கடைசியில் இடாப்பு அத்தாட்சிப்படுத்தப்படும். அதன்பின் கதவு அடைபடும். 2021ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தது: பதினெட்டு வயதை எட்டும் இளையோரை அடுத்த ஆண்டு வரை காக்க வைக்காமல் துணைப் பட்டியல்களில் சேர்க்கலாம். வயது மாறுகிறவர்களுக்கு ஜன்னல் கிடைத்தது. இடம் மாறுகிறவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஊரில் பெயர் சேர்ப்பது சட்டப் புத்தகத்தில் உள்ளதுபோல் இலகுவான காரியமும் அல்ல. வாடகைக்கு இருப்பவரின் பெயரைப் படிவத்தில் எழுத வீட்டுக்காரர் தயங்குவார். பெயர் ஏறினால் பின்னால் வீட்டுக்கே உரிமை கேட்பார்களோ என்ற பயம். "அங்க வெட்டிட்டு வாங்க, இங்க போடுறன்" என்பார் ஒரு கிராம உத்தியோகத்தர். "இங்க இருக்கிறதாக் கடிதம் கொண்டு வாங்க, வெட்டுறன்" என்பார் மற்றவர். இரண்டு கந்தோர்களுக்கும் இடையில் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும்.

இதற்கும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. நம் இடாப்பு வாக்குக்கு மட்டும் உள்ள ஏடு அல்ல. முதலாம் தரத்தில் பிள்ளையைச் சேர்க்கக் கடந்த ஐந்து ஆண்டுகளின் இடாப்பில் பெற்றோரின் பெயரைப் பார்க்கிறார்கள். மன்னாரில் காணி கேட்கிறவருக்கு, தான் அந்த ஊரவர் என்று காட்ட இடாப்பில் உள்ள பெயர் ஒரு சாட்சி. பெயரைப் புத்தளத்துக்கு மாற்றினால் ஊரை விட்டதாகிவிடும். மாற்றாவிட்டால் வாக்குக்குப் பஸ் ஏற வேண்டும். இதைக் கள்ளத்தனம் என்று சொல்வது அநியாயம். பிள்ளையின் படிப்பையும் பாட்டனாரின் காணியையும் ஒரே ஏட்டில் கட்டிவைத்தது அரசு. மக்கள் அந்த முடிச்சுக்குள் வாழப் பழகிக்கொண்டார்கள்.

உள்ளூரவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் இங்கே பெயர் பதிந்தால் எங்கள் பிள்ளைகளின் பல்கலைக்கழகக் கோட்டா, வேலைவாய்ப்பு, பிரதேச சபை ஆசனம் எல்லாம் என்னாகும் என்று கேட்பார்கள். பெயர் போனால் வடக்குக்கும் இழப்புத்தான். அரசியலமைப்பின் 98ஆம் உறுப்புரைப்படி மாவட்டத்துக்குரிய பாராளுமன்ற ஆசனங்கள் பதிவு செய்த வாக்காளர் தொகையை வைத்தே பங்கிடப்படுகின்றன. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனம், 2015இல் ஏழு, 2024இல் ஆறு. ஒரு பெயர் இடம் மாறினால் அதோடு இத்தனையும் அசைகிறது.

ஆகவேதான் சொல்கிறேன்: நிரந்தர இடாப்பைத் தொடாமல் தேர்தல் நாளை மட்டும் சரிசெய்வோம். அன்றைய பதிவு அன்றைய வாக்குக்கு மட்டும். அது பள்ளிக்கூட அனுமதிக்கும் காணிக்கும் கோட்டாவுக்கும் ஆசனக் கணக்குக்கும் சாட்சியாகாது என்று சட்டத்திலேயே எழுதிவிடலாம். அப்படி எழுதினால் இரு பக்கத்தாரின் பயமும் பாதிக்கு மேல் குறையும்.

வெளியே எப்படி?

தேர்தல் நாள் பதிவு நேற்றுப் பிறந்த யோசனை அல்ல. அமெரிக்காவின் மெயின் மாநிலம் 1973இலும் மினசோட்டா 1974இலும் இதைச் சட்டமாக்கின. மினசோட்டாவில் முகவரிச் சான்று இல்லாதவருக்கு அதே வட்டாரத்தின் பதிவு செய்த வாக்காளர் ஒருவர் சாட்சி சொல்லலாம். ஒருவர் எட்டுப் பேருக்கு மேல் சாட்சி சொல்ல முடியாது. ஊர் தெரிந்த ஊரில் இதைவிட எளிய முறை கிடையாது. வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவு என்பதே இல்லை. கனடாவின் மத்திய தேர்தலிலும் வாக்களிப்பு நிலையத்திலேயே பெயர் பதியலாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்து 2020 தேர்தலில் இருந்து தேர்தல் நாளன்றும் பதிய அனுமதித்தது. இப்படி வரும் வாக்குகளைத் தனியாகச் சரிபார்த்து எண்ண வேண்டியிருப்பதால் இறுதி முடிவு தாமதமாகிறது என்று காரணம் காட்டி, அந்த வசதியை மீளப் பெற 2025இல் அங்குள்ள அரசு மசோதா கொண்டுவந்தது. வாக்குரிமைக்குப் பேர்போன நாட்டிலேயே இந்த இழுபறி. வேகமும் வேண்டும், விடுபடாமையும் வேண்டும் என்றால் ஏதோ ஒன்று கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

கடல் கடந்து தமிழ்நாட்டைப் பார்த்தால் பட்டியலின் பலம் வேறு விதமாகத் தெரிகிறது. அங்கே நடந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில், 2025 டிசம்பர் வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர், இருமுறை பதிந்தவர், இடம் மாறியவர் எல்லோரும் அதில் அடக்கம். இடம் மாறியவர் இறந்தவரோடு ஒரே கணக்கில் வருவதைக் கவனியுங்கள். மீண்டும் சேர மனுக் கொடுக்கலாம். ஆனால் கெடு முடிந்த பிறகு வாக்களிப்பு நிலையத்தின் வாசலில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

நம் வரலாற்றுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதையடுத்து 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரை இடாப்பிலிருந்து துடைத்தன. 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் ஒரு கையெழுத்தில் வாக்கற்றவர் ஆனார்கள். அதனால் இந்த நாட்டில் சிறுபான்மை வீடு ஒன்றில் "இடாப்புல பேர் இல்ல" என்று யாராவது சொன்னால், அது வெறும் எழுத்துப் பிழையாகக் காதில் விழுவதில்லை.

எப்படிச் செய்வது?

ஜனாதிபதித் தேர்தலில் முகவரி முக்கியம் அல்ல. கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்: இவர் இலங்கைப் பிரஜையா, பதினெட்டு நிறைந்தவரா, வேறெங்கும் வாக்களித்துவிட்டாரா? முதல் இரண்டுக்கும் தேசிய அடையாள அட்டையே பெருமளவு பதில் சொல்லும். அது பிரஜைக்கு மட்டும் கிடைப்பது. புதிய பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. மூன்றாவது கேள்விக்குத்தான் ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டுக்கு நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். தபால் மூல வாக்கின் உறைமுறை நம் கையிலேயே இருக்கிறது. பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒரு நிலையம் என்று வைத்துக்கொள்வோம். புத்தளம் மாவட்டத்துக்குப் பதினாறு. நாடெங்கும் 2024இல் அமைத்த 13,421 வாக்களிப்பு நிலையங்களோடு பார்த்தால் இது சிறு சேர்க்கை. பெயர் வேறிடத்தில் உள்ளவரும் எங்குமே இல்லாதவரும் அங்கே வருவார்கள். அடையாள அட்டையைக் காட்டி, உறுதியுரையில் ஒப்பமிட்டு, சுண்டுவிரலில் மை வைத்துக்கொண்டு, புள்ளடி போட்ட சீட்டைச் சிறிய உறையிலிட்டு, அதை அடையாள அட்டை எண் எழுதிய பெரிய உறைக்குள் வைப்பார்கள். மறுநாள் அந்த எண்களை அவரவர் சொந்த நிலையத்தின் குறியிட்ட இடாப்போடு ஒப்பிட்டு, இருமுறை வாக்களிக்கவில்லை என்று உறுதியானால் வெளி உறையைப் பிரித்து, உள் உறைகளைக் கலந்து எண்ணலாம். பொய் சொன்னவர் எண்ணோடும் ஒப்பத்தோடும் அகப்படுவார். பஸ்ஸில் போகிறவரைச் சந்தேகிப்பதைவிட உறையில் உள்ள எண்ணைச் சரிபார்ப்பது நாகரிகமான வழி.

கட்சிக்காரர்கள் ஆட்களை ஏற்றி இறக்குவார்களே என்ற ஆட்சேபம் உடனே வரும். பாராளுமன்றத் தேர்தலிலும் உள்ளூராட்சித் தேர்தலிலும் அது நியாயமான பயம். அங்கே வாக்கு விழும் இடம் முடிவையே மாற்றும். ஆகவே அவற்றுக்கு வசிப்பிடச் சான்றும், ஊரவர் சாட்சியும், இன்னும் நீண்ட விவாதமும் தேவை. அவசரப்பட வேண்டாம். ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் ஆயிரம் பேரை இங்கிருந்து அங்கே ஏற்றி இறக்கினாலும் மொத்தக் கணக்கில் ஒரு வாக்குக்கூடக் கூடாது, குறையாது. ஏற்றி இறக்குவதில் இலாபமே இல்லாத ஒரே தேர்தல் அதுதான். தொடங்குவதற்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் எது?

முடிவு தாமதமாகும் என்பது அடுத்த ஆட்சேபம். ஆகட்டும். 2005இல் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே இருந்தது 180,786 வாக்குகள். 2024இல் முதல் எண்ணிக்கையில் எவரும் பாதியைத் தாண்டாததால் விருப்பு வாக்குகளை எண்ணும்வரை நாடு காத்திருந்தது. வானம் இடிந்து விழவில்லை. ஐந்து ஆண்டுக்கான ஆளைத் தெரிவுசெய்ய இன்னும் ஒன்றிரண்டு நாட்கள் பொறுப்பது பெரிய விலை அல்ல.

ஆள் போதாது, பணம் போதாது என்பார்கள். தந்திரிமலையில் பாதையைத் திறக்க வந்த பொலிஸாரின் செலவையும், விசாரணை, கைது, வழக்கு என்று நீதிமன்றப் படியேறிய நாட்களையும், 222 பஸ்களின் டீசலையும் ஒரு பக்கம் எழுதுங்கள். பதினாறு நிலையங்களில் மேசையும் பெட்டியும் வைக்கும் செலவை மறுபக்கம் எழுதுங்கள். கூட்டிப் பார்க்கத் தேர்தல்கள் ஆணைக்குழுவே போதும்.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் முறைப்படி 2029இல் வர வேண்டும். சட்டம் எழுத, ஊழியரைப் பழக்க, ஒரு மாவட்டத்தில் ஒத்திகை பார்க்கக் காலம் இருக்கிறது. ஒத்திகைக்குப் புத்தளத்தை எடுங்கள். கடற்கரை வாடியும் மீள்குடியேற்றமும் வெளிநாட்டு வேலையும் மூன்று மதத்தவரும் ஒரே மாவட்டத்தில் இருக்கையில், இங்கே சரிவந்தால் எங்கும் சரிவரும்.

1990இல் வள்ளத்தில் வந்திறங்கிய கைக்குழந்தைக்கு அந்தத் தேர்தலின்போது நாற்பது வயதாகப் போகிறது. விடிகாலை எழுந்து, சோற்றுப் பார்சல் கட்டி, பிள்ளைகளை அயல்வீட்டில் விட்டு, பஸ்ஸுக்கு நிற்பதுதான் வாக்களிப்பு என்று அவர் தாய் தகப்பனிடம் பார்த்திருக்கிறார். 2029இலாவது அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்துச் சந்தியில் தேத்தண்ணி குடித்துவிட்டு, நடந்தே போய் வாக்களிக்கட்டும்.